மிச்ச வாயசைவு

அஸ்தினாபுரம்,
2.8.2025

அன்புள்ள சத்யா அண்ணாவுக்கு,

பியூலா எழுதுகிறேன். நாவலூர் எட்டுகிற தூரம்தானே, அதற்குப் போய்க் கடிதமா என்று சிரிக்காதீர்கள். நீங்கள் நாலு முறை போன் பண்ணியதைப் பார்த்தேன். வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை. ஒரு வாரமாகப் போனைத் தொடவே பயம். அந்தப் பக்கம் யார் குரல் வரும் என்று எனக்கு நிச்சயமில்லை.

நீங்கள் தமிழ் வசனம் எழுதுகிற சீன சீரியலை நான் ஒரு நாளும் விட்டதில்லை. மேற்கே ஒரு சின்ன நாடு, சுற்றிலும் எதிரிகள். எங்கிருந்தோ வந்த ஓர் அமைச்சர் சட்டம் மேல் சட்டம் போட்டு அதைப் பெரிய ராஜ்யமாக்குகிறார். அந்த அமைச்சருக்குக் குரல் என் வீட்டுக்காரர். "முப்பத்தெட்டு எபிசோடு முடிச்சுட்டேன் பியூ, மிச்சத்த டிஸ்சார்ஜ் ஆனதும் பாத்துக்கலாம்" என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் படுத்தார். ஜூன் பதினொன்றாம் தேதி அடக்கம் பண்ணினோம். நீங்களும் ஒரு பிடி மண் போட்டீர்கள்.

முப்பத்தெட்டாவதை அழுதுகொண்டே பார்த்தேன். இனிமேல் வேறு யாராவது பேசுவார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மறுநாள் ஆறரை மணிக்கு உட்கார்ந்தேன். அமைச்சர் வாயைத் திறந்தார். இவரே பேசினார். நேற்று நாற்பத்துநாலு. இன்னும் இவரேதான்.

அதோடாவது விட்டதா? சீனக்காரர் வாய் நீளமாக அசையும், உங்கள் தமிழ் முன்னாலேயே முடிந்துவிடும். அந்த மிச்ச வாயசைவுக்கு இவர் "கேட்கிறதா?" என்று ஒன்றைச் சொருகுவாரே, அது எனக்காகத்தான். பதினெட்டு வருஷ விளையாட்டு. டிவியில் அது வந்ததும் நான் அடுப்படியிலிருந்து "கேக்குது, கேக்குது" என்பேன். நேற்று சபையில் பேசி முடித்துவிட்டு அமைச்சர் "கேட்கிறதா?" என்றார். கையிலிருந்த கரண்டி கீழே விழுந்துவிட்டது. நான் பதில் சொல்லவில்லை.

யார் அண்ணா பேசுவது?

உங்கள் தங்கை,
பியூலா ஏசுதாசன்


நாவலூர்,
6.8.2025

தங்கச்சி பியூலாவுக்கு,

உன் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். உள்ளே படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பேசுவது கம்ப்யூட்டர் அம்மா. தாஸ் பேசிய முப்பத்தெட்டு எபிசோடையும் அதற்குக் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். சம்மதத் தாளைக் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கியது நான்தான். "நீ படுத்துக் கெடந்தாலும் உன் குரல் வேலைக்குப் போகும்டா" என்று கிண்டல் பண்ணினேன். அவனும் சிரித்தான். நீ அப்போது மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தாய். உன்னிடம் சொல்லாமல் விட்டது என் தப்பு. அதைச் சொல்லத்தான் நாலு தடவை கூப்பிட்டேன்.

"கேட்கிறதா" என் வசனத் தாளில் இல்லை, யாரும் எழுதிக் கொடுக்கவும் இல்லை. குரலோடு அவன் பழக்கத்தையும் அது பிடித்துக்கொண்டது. வாயசைவு மிச்சமிருந்தால் தானாகச் சொல்கிறது.

அறுபதாவதுதான் கடைசி. புது ராஜா அந்த அமைச்சரைக் கொல்லச் சொல்கிறான். அதை மட்டும் நீ பார்க்காதே.

மன்னிப்பு கேட்கும்,
சத்யநாராயணன்


அஸ்தினாபுரம்,
10.8.2025

சத்யா அண்ணாவுக்கு,

உங்களை நன்றாகத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன். இன்று ஆராதனை முடிந்து வந்து கிழித்துப் போட்டேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே ஓர் உதவி கேட்கிறேன்.

கடைசி நாள் தொண்டையில் துளை போட்டுக் குழாய் சொருகியிருந்தார்களே, சத்தமே வராது. மத்தியானம் என்னைப் பார்த்து வாயசைத்தார். மூன்று தடவை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குனிந்து, "கேக்கலைங்க" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் குரல் கொடுத்த மனுஷனுக்குக் கடைசியில் குரல் கொடுக்க ஆளில்லாமல் போயிற்றே என்று நினைத்தால் நெஞ்சு வெடிக்கிறது.

மகன் காலேப் அப்போது போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான், வெளிநாட்டிலிருக்கும் அவன் தங்கைக்குக் காட்ட. பதினோரு விநாடி. அதை பென்டிரைவில் போட்டு அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். வாயைப் பார்த்து வார்த்தை எழுதுவதுதானே உங்கள் தொழில்? என் புருஷன் என்ன சொன்னார் என்று எழுதி அனுப்புங்கள். என் பெயராக இருந்தால் போதும். ஆறுதலுக்காகப் பொய் எழுதினால் கண்டுபிடித்துவிடுவேன், நான் முப்பது வருஷம் பரீட்சைப் பேப்பர் திருத்தியவள்.

பியூலா


நாவலூர்,
18.8.2025

தங்கச்சிக்கு,

நூறு தடவைக்கு மேல் ஓட்டிப் பார்த்தேன். நாங்கள் முதலில் பார்ப்பது உதடு ஒட்டுகிற இடத்தை. ப, ம வந்தால் உதடு ஒட்டியே ஆக வேண்டும். தாஸின் உதடு மூன்று தடவையிலும் ஒட்டவே இல்லை. அதனால் அது உன் பெயர் இல்லை அம்மா. காலேப் இல்லை, கர்த்தர் நாமம் எதுவாகவும் எனக்குத் தெரியவில்லை. பொய் எழுதாதே என்றாய், எழுதவில்லை.

இதற்கு மேல் செய்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வீடியோவைக் கம்ப்யூட்டரில் போட்டு, வசனம் எதுவும் கொடுக்காமல் ஓடவிட்டேன். படுக்கையில் கிடந்த தாஸ் அவன் குரலிலேயே பேசினான். "கேட்கிறதா?" மூன்று தடவையும் அதே. உதட்டில் அச்சாகப் பொருந்தியது.

வெறும் வாயசைவு எதைப் பார்த்தாலும் அது அதைத்தான் சொல்லும். ஆகவே அவன் அதைத்தான் கேட்டான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

கடைசி எபிசோடில் எல்லா "கேட்கிறதா"வையும் நானே நீக்கிவிட்டேன். கொலைக்களத்தில் அமைச்சர் மூன்று தடவை வாயசைப்பார், சத்தம் வராது. உட்கார்ந்து சரிபார்த்துத்தான் அனுப்பியிருக்கிறேன்.

சத்யநாராயணன்


அஸ்தினாபுரம்,
26.8.2025

அன்புள்ள சத்யா அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. கேட்கிறதா என்று கேட்ட மனுஷனிடமா நான் கேக்கலைங்க என்றேன்? பதினெட்டு வருஷத்தில் ஒரே ஒரு நாள், அதுவும் அன்றைக்குத்தான் நான் பதிலை மாற்றிச் சொல்ல வேண்டுமா?

பார்க்காதே என்றீர்கள். நேற்று ஆறரைக்குப் பார்த்தேன். உட்காரவில்லை, டிவி தெரிகிற மாதிரி அடுப்படியிலேயே நின்றேன், எப்போதும் போல. அமைச்சரைக் கட்டி இழுத்துக் கொல்லத் தேர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அமைச்சர் கூட்டத்தைப் பார்த்தார். அப்புறம் நேரே என் பக்கம் திரும்பினார்.

நீங்கள் நீக்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். செய்திருப்பீர்கள், சந்தேகப்படவில்லை. ஆனால் எனக்குக் கேட்டது. மூன்று தடவையும் கேட்டது. கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. குரல் அங்கிருந்து வரவில்லை, என் தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது. நான் திரும்பவில்லை. "கேக்குதுங்க" என்றேன். "நல்லா கேக்குது."

காலேப் உள்ளறையிலிருந்து வந்து, "யாருக்கும்மா பதில் சொல்ற?" என்றான். உங்கப்பாவுக்கு என்றேன். அவன் டிவியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை அண்ணா. இனிமேல் போன் எடுக்கிறேன், கூப்பிடுங்கள். ஒன்றே ஒன்றை மட்டும் நீங்கள் போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். மூன்று தடவை என்றுதானே எழுதினீர்கள்? நான் பதில் சொன்னதும் அமைச்சர் நாலாவது தடவையும் வாயசைத்தார். சத்தம் வரவில்லை. அவர் உதடு ஒட்டிப் பிரிந்ததை நான் பார்த்தேன்.

இப்படிக்கு,
பியூ