பூ முடிவதற்குள் மறுபடியும் மலைக்கு

கிள்ளான்

அன்பு மகள் மாதவிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைத்தான் ஓரிடத்தில் உட்கார வைக்க முடியவில்லை. சுவிட்சர்லாந்தில் நீயும் மாப்பிள்ளை லோகனும் நன்றாக இருக்க வேண்டும், அவர் கால் கட்டுப் பிரித்தாகிவிட்டதா, ஊன்றி நடக்கிறாரா. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே வந்து நிற்கிறார், அதனால் இதை எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

போன மாதம் பூப் பார்க்க மலையேறி, உருகாத பனியில் மாப்பிள்ளை சறுக்கிக் கால் உடைந்ததையும், ஹெலிகாப்டர் வரும்வரை நீ அவரை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகுதான் சொன்னாய். அதற்குள் இந்தச் சனிக்கிழமை தனியாகப் போகிறேன், பூ பூக்கிற அந்தப் புல்வெளி வரைக்கும் அன்றைக்குப் போய்ச் சேரவே இல்லை, விட்டால் பூ முடிந்துவிடும் என்கிறாய். “மாப்பிள்ள காலு ஒடஞ்சும் புத்தி வரலையா ஒனக்கு” என்று கத்திவிட்டுப் போனை வைத்த அப்பா, அன்றிலிருந்து உங்கள் ஊர் மழையையும் வெயிலையும்தான் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறார். சாப்பிடும்போதே எழுந்து கேட் வரை போகிறார், வருகிறார். எனக்கும் எதைச் சமைத்தாலும் உப்பு முன்னே பின்னே ஆகிறது.

பொறுக்க முடியாமல் ஞாயிற்றுக்கிழமை, செமினி பக்கம் புரோகா மலைக்குக் கூட்டிப் போங்கள், மேலே அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் பார்க்கிறேன் என்றேன். “இந்த முட்டிய வச்சிக்கிட்டா?” என்று திட்டிக்கொண்டேதான் காரை எடுத்தார். பாதி மலை ஏறியதுமே அவருக்கே மூச்சு வாங்கிப் பாறையில் உட்கார்ந்துவிட்டார். திரும்பிவிடுவோம் என்றதற்கு, “நீ போய்ட்டு வா லா, நான் இங்கயே இருக்கேன்” என்றார். தனியாக ஏறினேன், சில இடங்களில் கையை ஊன்றி. உச்சியில் பூ ஒன்றும் இல்லை, இடுப்பளவு லாலாங் புல்தான், காற்றில் மொத்தமாகச் சாய்ந்து எழுந்தது. அங்கே நின்றபோது கொஞ்ச நேரம் உன் கவலையே எனக்கு வரவில்லை மாதவி. இறங்கும்போதுதான் அது உறைத்தது. கீழே அப்பா எழுந்து நின்று, இறங்குகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். காரில் வரும்போது, “மேகம் கூடிச்சின்னா திரும்பிடச் சொல்லு அவள” என்றார். போகாதே என்று சொல்லச் சொல்லவில்லை.

அதனால் போய் வா. தனியாக மட்டும் வேண்டாம், வேலையிடத்தில் யாரையாவது கூட்டிக்கொள். வழியில் பனி கிடந்தால் அதன்மேல் கால் வைக்காதே, பூப் பார்க்காமல் திரும்பினாலும் ஒன்றும் குறைந்துவிடாது. உங்கள் இருவரையும் முருகன் காப்பாற்றட்டும். இறங்கியதும் முதல் போன் எனக்கு வேண்டாம், அப்பாவுக்குப் போடு. அவர் ஒன்றும் பேசமாட்டார், ஆனாலும் நீ வைத்துவிடாதே.

உன் அம்மா,
ரமணி