தண்ணீருக்கு அந்தப் பக்கம்

ஜூன் 4

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். போன் பண்ணினால் "மீட்டிங்ல இருக்கேன்ப்பா" என்கிறாய். கடிதத்துக்கு மீட்டிங் கிடையாது.

வீட்டுக்குப் பின்னால் உங்கள் கம்பெனியின் சுரங்கக் கழிவு மேட்டில் இன்னும் லாரி லாரியாகக் கொட்டுகிறார்கள். உச்சியில் ஒரு விரிசல். போன வாரம் விரல் நுழைந்தது, இந்த வாரம் செருப்போடு கால் நுழைகிறது. மூன்று முறை சைட் ஆபீஸுக்கு நடந்துவிட்டேன். "மேடு உறுதியா இருக்குன்னு உங்க பொண்ணே கையெழுத்துப் போட்டிருக்காங்க பெரியவரே" என்று காகிதத்தை நீட்டுகிறார் சூப்பர்வைசர். பெற்ற பெண்ணின் கையெழுத்தால் வாயடைத்துப் போனவன் நான் ஒருத்தன்தான்.

அடியில் பழைய சுரங்கம் ஓடுகிறதம்மா. கொட்டுவதை நிறுத்தச் சொல். நான் மேட்டில் ஏறியதற்காக உன் அம்மா இரண்டு நாளாகப் பேசவில்லை. அது ஒன்றுதான் நிம்மதி.

அப்பா

ஜூன் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த வயதில் அங்கே ஏறாதீர்கள். சுரங்கத்தின் பழைய வரைபடத்தை வைத்துத்தான் கணக்குப் போட்டேன். மேட்டுக்கு நாற்பது அடி முன்னாலேயே சுரங்கம் முடிகிறது. அளந்து வரைந்த படத்தை நம்பாமல் எதை நம்புவது? "எங்கப்பாவுக்குப் பயமா இருக்கு" என்று மேலே சொன்னால் சிரிப்பார்கள். காரணம் இருந்தால் எழுதுங்கள்.

உங்கள் மகள்

ஜூன் 15

அன்பு மகளுக்கு,

காரணம் நான்தான்.

அந்தப் படத்துக்கு டேப் பிடித்தவன் உன் அப்பன். ஒரு முனையில் சர்வேயர், மறுமுனையில் நான். கடைசிப் பாதையில் வளைவு தாண்டினால் இடுப்பளவு தண்ணீர். என் காலில் மாமனார் வாங்கித் தந்த புது பூட்ஸ். தண்ணீர் ஓரத்தில் நின்றபடியே "முடிவுச் சுவரைத் தொட்டாச்சு சார்" என்று குரல் கொடுத்தேன். வளைவுக்கு இந்தப் பக்கம் இருந்தவர் நம்பி எழுதிக்கொண்டார். அதற்கப்பால் இன்னும் நூறு அடி போகும் என்று வெட்டியவர்கள் சொல்லிப் பிறகு கேட்டேன். வாயைத் திறக்கவில்லை.

பூட்ஸ் ஆறு மாதத்தில் கிழிந்துவிட்டது. பொய் முப்பத்தெட்டு வருஷமாகக் கிழியவில்லை.

"எங்கப்பா அளந்த சுரங்கம்" என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வாயே. அதனால்தான் போன கடிதத்தில் பூசி மெழுகினேன். இனி உன் இஷ்டம்.

அப்பா

ஜூன் 27

அப்பா,

மேட்டில் மூன்று துளை போட்டோம். மூன்றாவதில் அறுபது அடிக்குக் கீழே கம்பி தானாக இறங்கியது. அடியில் ஒன்றுமே இல்லை.

கொட்டுவதை நிறுத்தியாயிற்று. என் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுவிட்டேன். மேட்டடியில் உள்ள பதினோரு வீட்டையும் காலி செய்யச் சொல்லி உத்தரவு வரும். படம் எப்படித் தப்பாயிற்று என்று கேட்டார்கள். உங்கள் கடிதத்தை அப்படியே கொடுத்துவிட்டேன், பூட்ஸ் உட்பட.

கோபம் தீரவில்லை. அந்த மேட்டுக்குக் கீழே உங்கள் இரண்டு பேரையும் படுக்க வைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறேன். அம்மாவை மூட்டை கட்டச் சொல்லுங்கள். உங்கள் கட்டில் என் பின்னறையில் அடங்கும். நானே அளந்தேன், சுவரைத் தொட்டு.

மகள்