தேய்ந்துபோன நம்பர் தகடு

இன்னாங்க,

மொத பஸ்ஸுல புளி மூட்டையோட போளூர் மண்டிக்குப் போறேன். கார் தகட்டுல நம்பர் தேய்ஞ்சு போச்சுன்னு நேத்து நீங்க கத்தின கத்துக்கு, எழுப்பிச் சொல்லிட்டுப் போக மனசு வரல. சாமைச் சோறு சட்டியில இருக்கு. ரசத்தைச் சுட வச்சுக்கோங்க. கார் சாவி உழக்குக்கு அடியில.

மத்தியானம் வாணியம்பாடி நசீர் பாய் வருவாரு. நம்ம பழைய மோரிஸ் காருல எது கம்பெனி சாமான், எது மாத்தினதுன்னு பாத்துட்டுத்தான் வாங்குவாராம். இன்ஜின் பக்கத்துல இருக்கிற பித்தளைத் தகட்டுல கம்பெனி நம்பர் எங்கன்னு கேட்டா மறைக்காதீங்க. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு, குத்துவிளக்கோட சேர்த்து அதையும் எம் பொண்டாட்டி புளி போட்டுத் தேய்ச்சுட்டான்னு சொல்லுங்க. புளியை எடுத்துக் குடுத்தது நீங்கதான். அதையும் சொல்லுங்க.

விடியறதுக்குள்ள லாந்தரை வச்சுக்கிட்டு வண்டிக்கு அடியில படுத்துப் பாத்தேன். வலப்பக்க முன் சக்கரத்துக்கிட்ட, அடிச்சட்டத்துல, அதான் சேஸ்ல, அப்பியிருந்த சேத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சா நம்பர் இருக்கு. ஆர்.சி. புக்குல இருக்கிற அதே நம்பர். பாயைக் குனிஞ்சு பாக்கச் சொல்லுங்க.

எம் பொடவையெல்லாம் கிரீஸு. கொடியில போட்டிருக்கேன், நீங்கதான் தொவைக்கணும்.

பாய்க்கு டீ போட்டுக் குடுங்க. பால் உறியில இருக்கு.

அம்மாக்கண்ணு

மறந்துட்டேன். தேய்ஞ்சதைத் தேய்ஞ்சதுன்னு சொன்னா அவரு நம்புவாரு. நாமளே புதுசா குத்தி வச்சா, மிச்ச நல்ல சாமானையும் சந்தேகப்படுவாரு. அதனால, தகட்டுல நம்பர் குத்தறதுக்கு நீங்க எடுத்து வச்ச ஆணியையும் சுத்தியையும் வூடு பூராத் தேடாதீங்க. ரெண்டும் எங்கூட போளூருக்கு வருது.