மித்துவின் பல்லும் நான் எழுதின 'இல்லை'யும்

ஜூலை 8, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். தண்ணி லாரி வரலை. மித்து கிளாஸ்ல ஒரு சார்ட். பல் விழுந்த பிள்ளைங்க பேருக்குப் பக்கத்துல ஸ்டார். ரெண்டாங்கிளாஸ்ல இவ பேர் மட்டும் மொட்டையா.

"என் பல்லு மட்டும் ஏம்மா டி.சி. வாங்க மாட்டேங்குது?"

சிரிச்சேன். பாத்ரூம் போய் அழுதேன்.

காரணம் தெரியும். பிறவியிலேயே எலும்பு பலம் கம்மி. மூணு வயசுக்குள்ள நாலு மாவுக்கட்டு. அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு டிரிப்ஸ், வயசானவங்க எலும்புத் தேய்மானத்துக்குப் போடுற அதே மருந்து. "பல் விழறதும் முளைக்கிறதும் லேட் ஆகலாம்"னு எலும்பு டாக்டர் அன்னைக்கே சொன்னார். சரின்னு கையெழுத்துப் போட்டவ நான். மாவுக்கட்டு நின்னுச்சு. பல்லும் நின்னுச்சு.

ஜூலை 9, புதன்
சாயங்காலம் கேம்ப் ரோடு பல் கிளினிக். புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கிறது கலா அக்கா! எங்க ஃபிளாட்ஸ்லயே மூணாவது மாடியில இருக்காங்க. ஃபாரத்துல ஒரு கட்டம்: 'வேறு நோய் / மருந்து'. பேனா நின்னுடுச்சு. "பொம்பளப் புள்ள, வெளிய மூச்சு விடாத" – அத்தை நாலு வருஷமா சொல்றது. அக்கா எட்டிப் பாக்கிறாங்க. 'இல்லை'ன்னு எழுதிட்டேன்.

எக்ஸ்-ரேல புதுப் பல் அடியில இருக்கு. ஏறலை. "பால் பல் ரெண்டை எடுத்துடலாம், வழி கிடைக்கும். வெள்ளிக்கிழமை வாங்க" – டாக்டரம்மா.

வாங்கணும்: தக்காளி, சோப்புத்தூள், ஐஸ்கிரீம் (பல் எடுத்தப்புறம்).

ஜூலை 10, வியாழன்
இவர்கிட்ட சொன்னேன். "தாடையில கை வைக்கப் போறாங்க, எலும்பு மருந்தைச் சொல்லாம வந்தியா? படிச்சவதானே நீ?" கத்தக்கூட இல்லை. அதுதான் குத்துச்சு.

கிளினிக்குக்கு போன் போட்டேன். அக்கா எடுத்தாங்க. "நாளைக்கு எத்தனை மணிக்குன்னு கேக்கத்தான்க்கா." வச்சுட்டேன். சீ.

ஜூலை 11, வெள்ளி
தூறல். பெரிய நாற்காலியில மித்து. பக்கத்துல அக்கா, கையில ட்ரே. மரத்துப்போக ஊசி போடறதுக்கு முன்னாடி டாக்டரம்மா சும்மா கேட்டாங்க, "பாப்பா, வேற ஏதாவது மருந்து எடுத்துக்கறியா?"

மித்து என் முகத்தைப் பார்த்தா.

"இல்ல ஆன்ட்டி."

தடுமாறவே இல்லை. யார் பழக்கினது?

"எடுத்துக்கறா டாக்டர். நாலு வருஷமா." எல்லாத்தையும் கொட்டினேன், அக்கா நிக்கும்போதே.

டாக்டரம்மா கிளவுஸைக் கழட்டிட்டாங்க. "இதைப் போய் மறைப்பாங்களாம்மா? இந்த மருந்து போடறவங்களுக்குப் பல் எடுத்தா தாடை எலும்பு ஆறாமப் போகலாம். எலும்பு டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க. அவசரம் இல்லை, பல் தானா ஆடுதான்னு பாப்போம்."

அக்காவே போய் ஃபாரத்தை எடுத்து வந்து பேனாவை நீட்டினாங்க. 'இல்லை'யை அடிச்சுட்டு மருந்து பேர் எழுதினேன்.

ஆட்டோல மித்து: "அப்போ ஸ்கூல்லயும் சொல்லலாமாம்மா?"

"ம்."

"சத்தமா சொல்லும்மா."