சான்றிதழில் இல்லாத வழக்கு

10.07.2012 செவ்வாய்
இங்கே ஜூலை குளிர்காலம்; காலையில் மூன்று டிகிரி. கார் கண்ணாடி முழுக்கப் பனி. வேலைக்கு அரை நாள் லீவு. இவரோடு இலவசச் சட்ட உதவி நிலையம்.

வக்கீல் இளம் பெண், வெள்ளைக்காரி. என்னை அடித்த வழக்கில் இவருக்குத் தீர்ப்பு வந்து போன மாதத்தோடு பத்து வருடம். இடையில் வேறு குற்றம் இல்லை. அதனால் இனிச் சாதாரண வேலைக்கான பொலிஸ் சான்றிதழில் அது வராதாம். அழிப்பதில்லை, மூடிவைப்பது. பிள்ளைகளோடு செய்யும் வேலை என்றால் திறந்து பார்ப்பார்கள்.

முதியோர் இல்லச் சமையல் வேலைக்குக் காட்டுமா என்று இவர் இரண்டு தரம் கேட்டார். காட்டாது.

என்னை மனைவி என்று எழுதிக்கொண்டாள். அடி வாங்கியவளும் நான்தான் என்று அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ.

வரும் வழியில் டூங்கபித் தமிழ்க் கடையில் மீன், கறிவேப்பிலை.

12.07 வியாழன்
மழை. இடது காதுக்குள் இரைச்சல், குளிருக்கு எப்போதும் இப்படித்தான். அன்று இவர் அறைந்ததில் சவ்வு கிழிந்தது.

இவர் இழந்தவை: செக்யூரிட்டி வேலைக்கான லைசென்ஸ். கனடாவில் தம்பியின் கலியாணம் (விசா கொடுக்கவில்லை). தமிழ்ப் பள்ளியில் மிருதங்கம் சொல்லிக்கொடுத்த வகுப்பு; பிள்ளைகளோடு என்பதால் அது இனியும் இல்லை.

நான் இழந்தவை: ஒரு காது. கோயிலில் பக்கத்தில் வந்து இருக்கும் ஆட்கள். "புருசனைப் பிடிச்சுக் குடுத்தவள்."

அதற்குப் பிறகு இவர் கை நீட்டவில்லை. அதையும் எழுத வேண்டும்.

27.07 வெள்ளி
சான்றிதழ் வந்தது. ஒரே தாள். குற்றம் எதுவும் இல்லை. கதிரையில் இருந்து மூன்று தரம் வாசித்தார். கண் கலங்கியிருந்தது.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் குசினிக்குள் போய் நின்றேன். எனக்கு நடந்ததை அரசாங்கம் எழுதிவைத்திருந்த இடம் அந்தப் பழைய பதிவு ஒன்றுதான்.

மகள் மதுராவும் தாளை வாங்கிப் பார்த்தாள். அடி நடந்தபோது அவளுக்கு ஆறு வயது, இப்போது பதினாறு.
"ஸோ, நடக்கவே இல்லை எண்ட மாதிரியா?"
இவர் தாளைத் திருப்பி வாங்கி மடித்தார்.
"பட் நான் பாத்தனான், அம்மா."
இவருக்கும் கேட்டது. எழுந்து வெளியே போய்விட்டார்.

29.07 ஞாயிறு
மச்சாள் மெல்பேர்னில் இருந்து போன். இவருடைய அக்கா. இவர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"உன்ரை மனுசி பொலிசைக் கூப்பிட்டு வைச்ச கறை, இப்பதான் போயிருக்கு."

சோறு வடித்துக்கொண்டிருந்தேன். இவர் வழக்கம்போல 'ம்' போடுவார் என்று நினைத்தேன்.

"அக்கா, அவள் வைக்கேல்லை. நான்தான் அடிச்சனான். அவளுக்கு ஒரு காது கேக்காது, தெரியுமோ?"

அந்தப் பக்கத்தில் இருந்து, "இப்ப என்னத்துக்குப் பழங்கதை?"

"நீங்கள்தானே தொடங்கினது." வைத்துவிட்டார்.

பத்து வருடத்தில் முதல் தடவை இதை இவர் வாயால் கேட்கிறேன். என் முகத்தைப் பார்க்கவில்லை. மன்னித்தேனா, தெரியாது. மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

03.08 வெள்ளி
இவருக்கு முதியோர் இல்ல வேலை சரி. திங்கள் காலை ஆறு மணிக்கு. கறுப்புச் சப்பாத்து வாங்க வேண்டும்.
மச்சாள் அதற்குப் பிறகு இன்னும் போன் எடுத்துக் கதைக்கவில்லை. சமாதானத்துக்கு நீ ஒருக்கால் அவவுக்குப் போன் எடன் என்றார் இவர்.
மாட்டன் என்றேன்.