போன் இல்லாமல் நடந்த சுற்றுப்பிரகாரம்

லா சப்பல்,
12.09.2018

அன்பு மகள் பேர்ளிக்கு,

மாதாவின் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், நீயும் மொன்றியலில் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கவேண்டுமென்று செபமாலையில் உன்னைச் சொல்லாத நாளில்லை. ஏன் வொய்ஸ் அனுப்பாமல் எழுதுகிறேன் என்று யோசிப்பாய், வொய்ஸ் என்றால் அப்பா பக்கத்தில் நின்று நடுவில் புகுந்துவிடுவார், அதுதான் மிளகாய்த்தூள் பார்சலுக்குள் இதை வைக்கிறேன், தமிழ்ப் பள்ளிக்கூடம் போன பிள்ளைதானே, எழுத்துக்கூட்டி வாசி.

எங்கள் பூசை லைவ் பக்கம் தெரியும்தானே, யாரும் சொல்லித்தராமல் நானே யூடியூப் பார்த்துப் பழகி நடத்துவது, ஊரில் நடக்கமுடியாத ஆட்களெல்லாம் அதில்தான் பூசை காண்கிறார்கள். திருவிழாவுக்கு முந்தின கிழமை கோயில் கமிட்டி ரேமண்ட் அண்ணை வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாரும் பார்க்க என் பேர் போட்டே எழுதிவிட்டார், அருள்மலரின்ரை போன் ஆடுது, மாதாவை விட அவவின்ரை சொந்தக்காரர்தான் கூடத் தெரியினம், இந்தமுறை யோன் தம்பி பெரிய கமராவோடை வாறார், பக்கத்தை அவரிட்டைக் குடுக்கட்டும் என்று. அப்பா சப்பாத்தை மாட்டிக்கொண்டு, இருக்கு அவருக்கு, நான் போய்க் கதைக்கிறன் என்று வெளிக்கிட்டார். நான் அதைவிட மோசம், பிரசங்க நேரம் ரேமண்ட் அண்ணை வாய் திறந்து நித்திரை கொண்ட வீடியோவைத் தேடி எடுத்துவிட்டேன். அதைக் குரூப்பில் போட்டுவிட்டுப் பக்கத்தையே அழிப்பது என்று முடிவு. விரல் வைக்கும்போதுதான், அழித்தால் படுக்கையில் கிடக்கிற சனத்துக்குப் பூசை இல்லை என்பது மூளையில் ஏறியது. குசினி அடுப்படியிலேயே முழந்தாளில் இருந்தேன். பெரிய செபம் ஒன்றும் வரவில்லை. ஆண்டவரே, இது உம்முடைய பூசை, எனக்காகப் பேச வேண்டியதை நீரே பேசும், நான் வாய் திறக்கமாட்டேன் என்றேன். வீடியோவை அழித்தேன், அப்பாவின் சப்பாத்தைக் கழற்றவைத்தேன், பாஸ்வேர்டை யோனுக்கு அனுப்பினேன். அனுப்பும்போது வயிறு எரிந்தது, பொய் சொல்லமாட்டேன்.

திருவிழா அன்று சுற்றுப்பிரகார ஊர்வலம் தொடங்கினபோது வெறுங்கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மாதா சொரூபம் தூக்கும் பெண்களில் ஓராள் குறைகிறது என்று யசோதா அக்கா என்னை உள்ளே தள்ளிவிட்டார். இத்தனை வருடமும் மாதாவை விரலளவு திரையில்தானே பார்த்தேன், இப்போது அவவின் பாரம் தோளில் இருந்தது பிள்ளை, பாட்டு முழுவதையும் பாடினேன். ரேமண்ட் அண்ணை மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, சர்பத் கோப்பையை நீட்டி, களைச்சுப் போனீர் தங்கச்சி, குடியும் என்றார், அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

மறுநாள் மன்னாரிலிருந்து என் பெரியம்மா போனில் கோல் எடுத்தார். படம் பிடிப்பது நான்தான் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லைப்போல. ஏனடி பிள்ளை, ஒருநாளும் உன்னை அதிலை காணேல்லை, நீ கோயிலை விட்டிட்டாய் எண்டெல்லோ இவ்வளவு காலமும் உனக்காகச் செபமாலை சொல்லிக்கொண்டு கிடந்தனான், நேற்றுத்தான் கண்டன், இனி நிம்மதியாய்ச் சாவன் என்றார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

வேலையிடத்தில் யாரும் உன்னைச் சீண்டினால் அவசரப்பட்டு மெயில் அடிக்காதே, நீயும் என்னைப்போல விரல் வேகமான ஆள். முதலில் ஆண்டவரிடம் சொல்லு, பிறகு பார்ப்போம். தூளைக் காற்றுப்படாமல் போத்தலில் போட்டு வை. ஆண்டவர் உன் போக்கிலும் வரவிலும் கூட இருப்பாராக. ஞாயிறு லைவ் பார்க்க மறக்காதே, இடப்பக்க வாங்கில் உட்கார்ந்திருப்பேன்.

உன்னை முத்தமிடும்
அம்மா அருள்மலர்