ஐந்தாவது ஆள்

மார்ச் 3

அன்புள்ள வாயாடிக்கு,

உன் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? ஆபீஸ் போனில் இதைப் பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

நேற்று நகராட்சிப் பணிக்குழுக் கூட்டம். ஏற்கெனவே இரண்டுக்கு நீ வரவில்லை. மூன்றாவதும் தவறினால் கவுன்சிலர் பதவியே போய்விடும். என் பொறுப்பில் இருக்கும் வருகைப் பதிவேட்டில் உன் கையெழுத்தை நானே போட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் உன் வீட்டுப்பாடம் எழுதிய கைதானே! நீ நிம்மதியாக அவரைப் பார்த்துக்கொள்.

உன் மைக்கூடு

மார்ச் 7

என் மைக்கூட்டுக்கு,

அவர் எழுந்து உட்காருகிறார். நீ பாசத்தில் செய்தாய், தெரியும். ஆனால் இன்று தீர்மான நகல் வந்தது. சாலை மேலுள்ள நடைபாலத்தை மூடத் தேவையில்லையாம். பழுதுபார்ப்பது அடுத்த வருஷமாம். உடனே மூடச் சொல்லி இன்ஜினியர் எழுதியிருந்தாரே! விசாரித்தேன், அன்று வந்தது நான்கே பேர். ஐந்து பேர் இருந்தால்தான் தீர்மானம் செல்லும். அந்த ஐந்தாவது ஆள் நானா?

சாயங்காலம் பாலத்தடியில் போய் நின்றேன். பள்ளி விட்டுப் பிள்ளைகள் மேலே ஓட ஓட, துரு என் தோளில் கொட்டியது. என்ன செய்யட்டும், சொல்லு.

வாயாடி

மார்ச் 9

வாயாடி,

எதுவும் செய்யாதே, உன் காலில் விழுகிறேன். இன்று குழுத் தலைவர் என் மேஜைக்கே வந்து பதிவேட்டைப் புரட்டினார். "உங்க ஃப்ரெண்டு அன்னிக்குக் கூட்டத்துல ரொம்ப அமைதியா இருந்தாங்க, இல்ல?" என்று சிரித்தார்.

"ஆமா சார்" என்றேன்.

"அப்படியே இருக்கச் சொல்லுங்க. எல்லாருக்கும் நல்லது."

அவருக்கு எல்லாம் தெரியும். எனக்கு வேலை போனால், படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவை யார் பார்ப்பார்கள்? இத்தனை வருஷம் நின்ற பாலம் இன்னும் ஒரு வருஷம் நிற்காதா?

மைக்கூடு

மார்ச் 12

மைக்கூடே,

நேற்று பாலத்தடியில் ஒரு போல்ட் என் காலருகே விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். கம்பியைப் பிடித்து நின்ற ஒரு சின்னப் பெண் எனக்குக் கை ஆட்டினாள்.

இன்று ஆணையரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன், அன்று நான் வரவில்லை என்று. "அப்போ யார் கையெழுத்து போட்டது?" என்றார். தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை. வாயாடிக்கு ஒரு பொய்கூட ஒழுங்காக வரவில்லை. உன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று தெரியவில்லை.

வாயாடி

ஏப்ரல் 2

முன்னாள் கவுன்சிலர் அவர்களுக்கு,

ஆணையர் கேட்டதும், "நான்தான் சார் போட்டேன்" என்று சொல்லிவிட்டேன். என்னை சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். உன் பதவியும் போய்விட்டதாமே. தீர்மானம் செல்லாது என்று பாலத்தை அடைத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை பார்க்கப் போயிருந்தேன். ஒரு வேலையாள் மேலே நடைத் தகட்டைக் குதிகாலால் லேசாகத் தட்டினார். தகடு பெயர்ந்து சாலையில் வந்து விழுந்தது.

நீ செய்ததுதான் சரி. அது தெரிந்தும் உன்மேல் கோபம் போகமாட்டேன் என்கிறது. அப்பா வேறு, "அவ ஏம்மா வர்றதே இல்ல?" என்று தினமும் கேட்கிறார்.

இப்போதைக்கு வராதே. வாசலில் உன்னைப் பார்த்தால் கதவைத் திறந்துவிடுவேன். அதற்கு இன்னும் எனக்கு மனசு வரவில்லை.

மைக்கூடு